கொட்டேஷனில் எழுதப்படாத செலவுகள்

யாழ்ப்பாண நகரத்துக் கடைகளுக்கு இன்று சரக்கு விற்க வருபவர்களோடு மென்பொருள் விற்பவர்களும் வருகிறார்கள். மடிக்கணினியைத் திறந்து வைத்துக் காட்டுகிறார்கள். சிட்டை நொடியில் அச்சாகிறது, இருப்பு தானாகக் குறைகிறது, எந்த வாடிக்கையாளர் எவ்வளவு கடன் என்பது ஒரே பக்கத்தில் தெரிகிறது. எமது முதலாளிமார் கேட்கும் முதற் கேள்வி "எவ்வளவு?" என்பதுதான். அவர் ஒரு தொகையை எழுதித் தருகிறார். நாம் பேரம் பேசுகிறோம். பத்து வீதம் குறைத்துத் தருகிறார். நல்ல விலைக்கு முடித்துவிட்டோம் என்று இருவரும் தேநீர் குடித்துப் பிரிகிறோம்.

பேரம் பேசியதில் தவறில்லை. பேசப்பட்ட தொகைதான் தவறானது. சிறு கடைகள் பலவற்றின் கணக்கு வேலைகளோடு நீண்ட காலமாகத் தொடர்புடையவன் என்ற வகையில் நான் கண்டது இதுதான்: மென்பொருளின் விலை, அதை ஒரு கடையில் ஒழுங்காக ஓடவைக்கும் மொத்தச் செலவில் கால்வாசியைத் தாண்டுவது அரிது. மீதி முக்கால்வாசிக்குப் பணமும் ஆளும் ஒதுக்காத கடைகளில் ஆறு மாதத்திற்குப் பிறகு கணினி வெறும் சிட்டை அடிக்கும் இயந்திரமாகி, கணக்கு மறுபடியும் கொப்பிக்கே திரும்பிவிடுகிறது. ஸ்டான்லி வீதிப் பக்கமும் கே.கே.எஸ். வீதிப் பக்கமும் அப்படித் திரும்பிய கடைகளை எனக்குத் தெரியும்.

பெரியவர்களும் விழுந்த குழி

இது எமது சிறு வியாபாரிகளுக்கு மட்டும் நேர்வது என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் ஹேர்ஷி சொக்கலேட் நிறுவனம் 1999இல் ஏறத்தாழ 11 கோடி 20 இலட்சம் டொலர் செலவில் புதிய மென்பொருள் ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. நான்கு ஆண்டுகள் தேவை என்று மதிப்பிடப்பட்ட வேலையை இரண்டரை ஆண்டுகளுக்குள் நெருக்கினார்கள். அது முழுமையாக இயங்கத் தொடங்கியது ஜூலை மாதம். அங்கே இனிப்புப் பண்டங்கள் அதிகம் விலைபோகும் ஹாலோவீன் பண்டிகை ஒக்டோபர் இறுதியில். களஞ்சியத்தில் சரக்கு இருந்தது, கடைகளிடமிருந்து ஓடரும் வந்தது, ஆனால் ஓடரைச் சரக்கோடு பொருத்தி அனுப்ப முடியவில்லை. ஏறத்தாழ 10 கோடி டொலர் பெறுமதியான ஓடர்கள் நின்று போயின. அந்தக் காலாண்டின் இலாபம் 19 வீதம் வீழ்ந்தது.

ஜேர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் கதை எமக்கு இன்னும் நெருக்கமானது. 2011இல் தொடங்கிய வேலையை 2018இல் கைவிட்டார்கள். ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவாகியிருந்ததாகச் செய்திகள் வந்தன. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றைக் கேட்டால் எந்தக் கடைக்காரருக்கும் புரியும். லிடில் தன் இருப்பைக் கொள்விலையில் கணக்கு வைக்கும். வாங்கிய மென்பொருளோ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. தங்கள் பழக்கத்தை மாற்ற அவர்கள் விரும்பவில்லை. மென்பொருளைத் தங்கள் பழக்கத்துக்கு வளைக்கப் போனார்கள், வளைக்க வளைக்கச் செலவு ஏறியது.

பிரித்தானியாவின் பேர்மிங்ஹாம் மாநகர சபை ஏறத்தாழ 2 கோடி பவுணில் முடியும் என்று திட்டமிட்ட நிதி மென்பொருள், 2022 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய பின்பு 10 கோடி பவுணைத் தாண்டியது. வங்கிக் கணக்கோடு வரவைப் பொருத்திப் பார்க்கும் பகுதியைத் தமக்கேற்ப மாற்றி எழுதியிருந்தார்கள், அதுவே சரியாக வேலை செய்யவில்லை. 2023 செப்டெம்பரில் அந்தச் சபை கையில் பணமில்லை என்று அறிவித்ததற்குப் பிரதான காரணம் பெண் ஊழியர்களின் சம ஊதியக் கோரிக்கைகள்தான் என்றாலும், இந்த மென்பொருள் செலவும் அந்தச் சுமையில் ஒரு பங்கு.

தொகைகள் எமக்குச் சம்பந்தமில்லாதவை. பிழைகள் எல்லாம் எமது கடைத்தெருவில் தினமும் நடப்பவை.

எங்கே செலவாகிறது?

ஒரு ஹாட்வெயார் கடையை எடுத்துக்கொள்வோம். நாலாயிரம் வகைச் சாமான் என்பது அதற்குப் பெரிய எண்ணிக்கை அல்ல. ஆணி கிலோவில் வருகிறது, நூறு கிராமிலும் போகிறது. வயர் சுருளாக வருகிறது, மீற்றரில் போகிறது, பழைய ஆட்கள் யாரில் கேட்கிறார்கள். பிவிசி குழாயை முழு நீளத்தில் வாங்கி, வெட்டியும் கொடுக்கிறோம். வெட்டிய துண்டு மூலையில் கிடக்கிறது. ஒரே பூட்டுக்குக் கொழும்பு மொத்த வியாபாரியின் சிட்டையில் ஒரு பெயர், கடைப் பையன் சொல்வது இன்னொரு பெயர், வாங்க வருபவர் கேட்பது மூன்றாவது பெயர். இவை அனைத்தையும் ஒழுங்குபடுத்தி, ஒரு பெயர், ஒரு அலகு, கொள்விலை, விற்பனை விலை, இன்றைய இருப்பு என்று ஏற்றினால்தான் மென்பொருளுக்கு உயிர் வரும்.

ஒரு சாமானை எண்ணிப் பார்த்துப் பதிய மூன்று நிமிடம் என்று வைத்தாலும் நாலாயிரம் சாமானுக்கு 12,000 நிமிடம், அதாவது 200 மணித்தியாலம். இரண்டு பேர் தினம் ஐந்து மணித்தியாலம் உட்கார்ந்தால் இருபது நாள். கொட்டேஷனில் இந்த வேலைக்கு ஒரு வரிகூட இருக்காது. "டேட்டா வாடிக்கையாளர் தர வேண்டும்" என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கலாம். அந்த வாக்கியத்தின் விலைதான் இருபது நாள்.

முதலாளி இந்த வேலையைக் கடைக்கு வந்து மூன்று மாதமான பையனிடம் கொடுத்துவிடுகிறார். சாமானைத் தெரிந்தவர் மேசையில் இருப்பதில்லை, மேசையில் இருப்பவருக்குச் சாமான் தெரியாது. பிறகு "கொம்பியூட்டர் பிழையான இருப்புக் காட்டுகிறது" என்று குறைப்படுகிறோம். இருபது வருடம் உங்களோடு நிற்கும் நானா ஒருவர் கடையில் இருப்பார், எந்தப் பெட்டியில் என்ன அளவு நட்டு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவரைத்தான் அந்த இருபது நாளும் பதிபவரின் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் விற்பனை குறையும். அந்தக் குறைவும் செலவுதான்.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் கடைக்குக் கடை மாறும், விகிதத்தைப் பாருங்கள். மென்பொருள் 2 இலட்சம். கணினி, பிரிண்டர், ஸ்கேனர், மின்வெட்டுக்கு ஒரு யூபிஎஸ் எல்லாம் சேர்த்து இரண்டரை இலட்சம். எண்ணவும் பதியவும் இருவருக்கு மேலதிகக் கூலி ஒரு இலட்சம். கொப்பியும் கணினியும் ஒன்றாக ஓடும் இரண்டு மாதத்துக்கு ஒரு மேலதிக எழுதுநர், 90,000. எமது முறைக்கேற்ற சில மாற்றங்களுக்கு 60,000. முதலாண்டுப் பராமரிப்பு 40,000. கூட்டினால் 7 இலட்சத்து 40 ஆயிரம். எதிர்பாராததற்கு 15 வீதம் வைத்தால் 1 இலட்சத்து 11 ஆயிரம். மொத்தம் 8 இலட்சத்து 51 ஆயிரம். இரண்டு இலட்சத்தில் பத்து வீதம் குறைக்க நாம் அரை நாள் பேசினோம்.

எட்டரை இலட்சம் ஒதுக்க முடியாதவர் என்ன செய்வது? என் கருத்து வெளிப்படையானது: இந்த வருடம் மென்பொருள் வாங்க வேண்டாம். அந்த இரண்டு இலட்சத்தில் ஒரு பகுதியைச் செலவழித்து முதலில் கடையை எண்ணுங்கள். சாமானின் பெயரையும் அலகையும் ஒரு சாதாரண எக்செல் தாளில் ஒழுங்குபடுத்துங்கள். அடுத்த வருடம் எந்த மென்பொருள் வாங்கினாலும் அந்தத் தாளை அப்படியே ஏற்றலாம். வாங்காமலே விட்டாலும் அது வீண்போகாது.

எமது முறைக்கேற்ற மாற்றம் என்றேன். அதில் முதலாவது காசோலை. பழைய சோனகத் தெருவிலும் புறக்கோட்டையிலும் நாம் சரக்கு எடுப்பது பெரும்பாலும் முன்திகதியிட்ட காசோலையில். எந்தத் திகதியில் யாருக்கு எவ்வளவு வங்கிக்குப் போகிறது என்பது தெரியாவிட்டால் இருப்புக் கணக்குத் துல்லியமாக இருந்தும் பயனில்லை. காசோலை திரும்பினால் வியாபாரப் பெயரும் திரும்பிவிடும். வெளிநாட்டில் எழுதப்பட்ட பல மென்பொருள்களில் இதற்கு ஒழுங்கான இடம் கிடையாது. வாங்கும் முன் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது லொறிக் கூலி. கொழும்பில் ஆயிரம் ரூபாவுக்கு வாங்கியது ஏ-9 வீதியால் வந்திறங்கும்போது ஆயிரம் ரூபா அல்ல. ஏற்று கூலி, இறக்கு கூலி, உடைவு எல்லாவற்றையும் சாமானுக்குப் பிரித்துப் போட முடியாத மென்பொருள் காட்டும் இலாபம் பொய் இலாபம்.

மூன்றாவது தமிழ். எமது பகுதியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் இன்னும் பலர். பாமினியில் ஏற்றிய சாமான் பெயரை யுனிகோட்டில் தேடினால் கிடைக்காது. ரசீது அடிக்கும் சிறிய பிரிண்டர்களில் பல, தமிழைப் படமாக அனுப்பினால்தான் அச்சிடும், அதற்கும் மென்பொருளில் வசதி இருக்க வேண்டும். பெரிய விடயமல்ல, ஆனால் பிறகு செய்யச் சொன்னால் தனியாகப் பணம் கேட்பார்கள்.

ஸகாத் கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வரிக்கு நாம் பார்ப்பது மார்ச் 31. ஸகாத்துக்குரிய நாள் ஹிஜ்ரி ஆண்டின்படி வருவதால் வருடந்தோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னுக்கு நகர்கிறது. கடந்த ஒரு திகதியைக் கொடுத்தால் அன்றிருந்த இருப்பைத் தனியாக எடுத்துத் தரும் வசதி எல்லா மென்பொருளிலும் இல்லை. வரிக்குக் கொள்விலை வேண்டும், ஸகாத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதி கேட்கப்படும். இரண்டையும் தரும் அறிக்கை இருக்கிறதா என்று செயல்முறையில் பார்த்துவிடுவது ஒரு நிமிட வேலை.

மாதச் சந்தாவும் டொலரும்

இப்போது பலர் ஒரேயடியாக விலை கொடுத்து வாங்காமல் இணையவழியில் மாதச் சந்தா கட்டும் முறைக்குப் போகிறார்கள். தொடக்கச் செலவு குறைவு, அது உண்மை. ஆனால் சந்தா டொலரில் என்றால் அதற்கு நாட்டின் நாணயமும் விலை நிர்ணயிக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவுக்குப் போனது. மாதம் 50 டொலர் கட்டியவருக்குப் பத்தாயிரம் ரூபாச் செலவு பதினெட்டாயிரமாகியது. அதே மாதங்களில் கடையில் விற்பனையும் விழுந்திருந்தது, மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ரூபாவில் விலை சொல்லும் உள்ளூர் நிறுவனம் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. டொலர் சந்தாதான் பொருந்தும் என்றால், இன்றைய மாற்று விகிதத்துக்கு மேல் மூன்றிலொரு பங்காவது கூட்டி வைத்துப் பாதீட்டை எழுதுங்கள்.

வரியும் இதில் ஒரு செலவுத் தலைப்பு. எமது நாட்டில் வற் வரி 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 வீதமாகியது. 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. இடையில் 2022 ஒக்டோபரில் இரண்டரை வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி வந்தது. வற் வரிக்குப் பதிய வேண்டிய வருடாந்த விற்பனை எல்லை 2024இல் 8 கோடியிலிருந்து 6 கோடி ரூபாவாகக் குறைந்தது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதை 3 கோடி 60 இலட்சமாக்க முன்மொழியப்பட்டது. மூன்றரைக் கோடி என்பது இன்றைய விலைவாசியில் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்குச் சற்று மேற்பட்ட விற்பனை. வற் வரி எமக்கு எட்டாத விடயம் என்றிருந்த கடைகள் பல அந்த வேலிக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. ஒவ்வொரு முறை வீதம் மாறும்போதும் சிட்டையின் அமைப்பும் விலைப்பட்டியலும் மாற வேண்டும். அந்த மாற்றம் பராமரிப்புக் கட்டணத்துக்குள் அடங்குமா, ஒவ்வொரு முறையும் தனிச் சிட்டை வருமா? இதை எழுத்தில் வாங்காதவர்கள் 2022இல் ஒரே வருடத்தில் இரண்டு தடவை பணம் கட்ட நேர்ந்திருக்கும்.

கணக்கு யாருடையது?

மென்பொருளை விட்டு வெளியேறும் செலவைப் பாதீட்டில் எழுதுபவர் எவரையும் நான் கண்டதில்லை. குவிக்புக்ஸ் என்ற புகழ்பெற்ற கணக்கு மென்பொருளின் உரிமையாளரான இன்ருயிட் நிறுவனம் 2023இல் இந்தியாவில் அந்தச் சேவையை நிறுத்தியது. அதில் கணக்கு வைத்திருந்தவர்கள் தம் தரவை எடுத்துக்கொண்டு வேறிடம் போக வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே அப்படி என்றால், நகரத்தில் இரண்டு பொறியியலாளர்களோடு நடக்கும் நிறுவனம் மூடப்படாது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கெட்டிக்காரப் பொடியன் கனடா போய்விட்டால் அத்தோடு முடிந்தது. சாமான் பட்டியல், கடன் நிலுவை, பழைய சிட்டைகள் ஆகிய மூன்றும் நாம் கேட்கும்போது எக்செல் கோப்பாகக் கிடைக்க வேண்டும். அதைக் கையொப்பமிடும் முன்பே ஒருமுறை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

பிரதி வைப்பதும் இதே தலைப்பில்தான் வருகிறது. இந்தச் சமூகத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது கடைகளோடு கடன் கொப்பிகளும் நின்றுவிட்டன. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் இறுதியில், வலிகாமத்துத் தமிழ் வியாபாரிகளும் கடைகளைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். யார் தர வேண்டும், எவ்வளவு என்பது மனத்தில் மட்டும் இருந்தால், தர வேண்டியவரின் நேர்மையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. இன்றைக்கு ஒரு நாளின் கணக்கைக் கடைக்கு வெளியே ஓரிடத்திலும், ஊருக்கு வெளியே இன்னோரிடத்திலும் பிரதி வைக்க மாதம் சில ஆயிரம் ரூபா போதும். இணையத்தில் மட்டும் இருப்பதும் ஆபத்து: 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நாட்டின் பல பகுதிகளில் தொலைத்தொடர்பு அறுந்தது. இணையம் இல்லாமலும் சிட்டை அடித்து, பிறகு சேர்த்துக்கொள்ளும் வசதி எமது கடைக்கு ஆடம்பரமல்ல.

இன்னொரு விடயம் பணத்தில் எழுத முடியாதது. மூன்று சகோதரர்கள் சேர்ந்து நடத்தும் கடையில் அவரவர் தேவைக்குக் கல்லாவிலிருந்து எடுப்பது பழக்கம். மென்பொருள் வந்த முதல் மாத முடிவிலேயே யார் எவ்வளவு எடுத்தார் என்பது தாளில் வந்துவிடும். விலைத் துண்டில் எழுத்துக் குறியீட்டில் இரகசியமாக எழுதிய கொள்விலை, கணினித் திரையில் பையனுக்கும் தெரியும் இலக்கமாகிவிடும். யாருக்கு எதைக் காட்டுவது என்று மென்பொருளில் கட்டுப்படுத்தலாம். சகோதரர்களுக்கிடையில் பேசித் தீர்க்க வேண்டியதை எந்த மென்பொருளும் தீர்க்காது. பொருத்துவதற்கு முன்பே உட்கார்ந்து, மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று முடிவெடுத்துவிட்டால் நல்லது. முடிவெடுக்காத வீடுகளில் மென்பொருள்தான் முதலில் வெளியே போகும்.

எப்போது தொடங்குவது என்பதும் பாதீட்டோடு சேர்ந்ததே. ஹேர்ஷி செய்ததுபோல் சீசனுக்கு முன்னால் தொடங்கக் கூடாது. புடைவைக் கடைக்காரர் நோன்பு மாதத்தையும், நல்லூர்த் திருவிழாக் காலத்தையும், தீபாவளியையும் ஒதுக்கிவிட வேண்டும். கட்டிடப் பொருள் விற்பவருக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை மந்தம், எண்ணுவதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை. மழையில் எண்ணி, தை மாதத்திலிருந்து கொப்பியோடு சேர்த்து ஓடவிட்டு, ஏப்ரல் முதலாம் திகதி கொப்பியை மூடினால் வரி ஆண்டும் அங்கிருந்தே தொடங்கும்.

பணத்தை ஒரே தடவையில் கட்ட வேண்டாம். கையொப்பமிடும்போது மூன்றிலொரு பங்கு, சாமான் பட்டியல் ஏறிச் சிட்டை அடிக்கத் தொடங்கியதும் இன்னொரு பங்கு. கடைசிப் பங்கை, கணினி சொல்லும் இருப்பும் தட்டில் உள்ள இருப்பும் ஒரு மாத இறுதியில் ஐம்பது சாமானில் சோதித்து ஒத்துப்போன பிறகு கொடுங்கள். எந்த ஐம்பது என்பதை நீங்களே தெரிவு செய்யுங்கள். வெட்டிக் கொடுக்கும் பிவிசி குழாயும் மீற்றரில் போகும் வயரும் அதில் கட்டாயம் இருக்கட்டும்.